ஆறாமையியல்: மாமல்லபுரக் கடற்கரைச் சூட்டுப் பெட்டி ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

சமைப்பதற்குச் சாத்திரம் உண்டு. உண்பதற்கும் உண்டு; எந்தக் கையால், எந்தத் திசை பார்த்து என்பதுவரை பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கியதற்கும் இலை போட்டதற்கும் நடுவே கழிகிற நேரத்தைத்தான் யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. ரசம் ஆறுவது அந்த நேரத்தில்தான். அப்பளம் நமுப்பதும் அப்போதுதான். ‘சாப்பிட வாங்க’ என்ற குரல் முதல் முறை அழைப்பாகவும் இரண்டாம் முறை நினைவூட்டலாகவும் மூன்றாம் முறை குற்றப்பத்திரிகையாகவும் மாறுவது அதே இடைவெளியில்தான். அந்த இடைவெளியில் உணவின் சூட்டைக் காக்க மனிதர் படும் பாட்டை ஆராயும் துறைக்கு ‘ஆறாமையியல்’ என்று பெயர் வைக்கிறேன். கல்லாமை, பொறாமை வரிசையில் இதுவும் ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். இலக்கணப் பிழை காண வருபவர்கள் முதலில் தங்கள் வீட்டுக் குழம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆய்வுக் களம், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஈசிஆரின் மேற்குப் பக்கத்தில் என் அக்கா மகன் கட்டிய வீடு. கிரகப்பிரவேசம் 2021 தை மாதம். சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்க்கும் மருமகன், கடற்கரை வீட்டில் சிலிண்டர் வேண்டாம் என்று முடிவெடுத்து, முழுக்க மின்சாரச் சமையலறையாகப் போட்டுவிட்டான். இண்டக்‌ஷன் அடுப்பு, சுவருக்குள் பதித்த அவன், அவனுக்குக் கீழே (அஃறிணை அவனைச் சொல்கிறேன், மருமகனை அல்ல) இழுத்தால் வெளியே வரும் ஒரு பெட்டி. அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 14. ஆய்வாளர், செங்கல்பட்டில் குடியிருந்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வந்துபோகிற நான். கருவிகள், ஒரு குத்து வெப்பமானி, ஒரு நாற்பது பக்க நோட்டு. நெறியாளர், என் அக்கா. அவர் இந்த ஆய்வை ஒருபோதும் அங்கீகரிக்கவில்லை என்பதை நேர்மையாகப் பதிவுசெய்கிறேன்.

முதலில் பெயர்ச் சிக்கல். மருமகன் சொன்னது ‘வார்மிங் டிராயர்’. அதைப் பொருத்த வந்த தச்சர் கடைசிவரை ‘வார்னிங் டிராயர்’ என்றே சொன்னார். அக்காவும் அப்படியே நம்பி, முதல் ஒரு மாதம் அதைத் தொடவே இல்லை. நான் ‘வெப்பப் பேழை’ என்றேன். குளிர்சாதனப் பெட்டி என்ற சொல்லுக்கு எதிர்முனையில் நிற்கும் என்பது என் வாதம். ‘பேழைன்னா சவப்பெட்டிடா’ என்றார் அக்கா. பொய்யில்லை. ‘இளஞ்சூட்டு இழுப்பறை’ என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே இருப்பது ஆறிவிடும் என்றார். கடைசியில் வீட்டில் நிலைத்தது ‘சூட்டுப் பெட்டி’. இது ஒன்றரை ஆண்டுக்குப்பின் ‘உப்புப் பெட்டி’ என்று திரிந்த வரலாறு கீழே வரும்.

பெட்டியின் பிறந்த வீடு குளிர்நாடு. அங்கே பீங்கான் தட்டு அலமாரியில் இருந்தபடியே சில்லிட்டுக் கிடக்கும். அதில் சுடச்சுட எதை வைத்தாலும் தட்டு பாதிச் சூட்டைத் தின்றுவிட்டு மீதியை நமக்குத் தரும். ஆகவே முதலில் தட்டைச் சூடாக்கு என்பது அவர்கள் கண்ட வழி. பெட்டியின் அடியில் ஒரு ஹீட்டர், பின்னால் சூட்டைச் சுழற்றிவிட ஒரு சின்ன மின்விசிறி, சூடு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கும் ஓர் உணரி, மேலே கண்ணாடித் தளம், தட்டு வழுக்காமலிருக்க ரப்பர் விரிப்பு. அவ்வளவுதான் அதன் அங்கலட்சணம். எங்கள் பெட்டிக்கு 400 வாட். விடாமல் எரிந்தால் இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு யூனிட். வேண்டிய சூடு வந்ததும் ஹீட்டர் தானே அணைந்து அணைந்து எரிவதால் செலவு அதைவிடக் குறைவு. முகப்பில் நான்கு படங்கள்: கோப்பை, தட்டு, மூடிய பாத்திரம், கடைசியாக ஒரு கோழி. கோழிப் படத்துக்கு 80 டிகிரியில் மணிக்கணக்காக மெல்ல வேகவைப்பது என்று பொருள். அக்கா சைவம், அந்தப் பொத்தானின் மேல் ஒரு பொட்டை ஒட்டிவிட்டார்.

ஆனால் 30 முதல் 80 டிகிரி வரை என்று கையேடு எண்களில் பேசுவதைத் தமிழ்ச் சமையலறை எப்போதோ சொற்களில் பிரித்துவைத்துவிட்டது. வெப்பமானியோடு உட்கார்ந்து ஒப்பிட்டதில் கிடைத்தவை: கதகதப்பு என்பது 30க்கும் 37க்கும் இடையில். வெதுவெதுப்பு 38லிருந்து, பால் உறைகுத்துவது இதற்குச் சற்று மேலே, 40ஐ ஒட்டி. கை பொறுக்கும் சூடு 45க்குள் முடிந்துவிடுகிறது. நாக்குப் பொறுக்கும் சூடு 60ஐத் தாண்டும்; அக்கா வீட்டுக் காபிக்கு 70. ‘ஆவி பறக்க’ என்பது 80க்கு மேல். ‘சுடச்சுட’ என்பது வெப்பநிலையே இல்லை, அது ஒரு வாக்குறுதி. இதில் நான் திகைத்த இடம், கையும் நாக்கும் ஒரே உடம்பில் இருந்தும் இருபது டிகிரி வேறுபடுவது. டம்ளரைத் துண்டால் பிடித்துக்கொண்டு உள்ளிருப்பதை உறிஞ்சிக் குடிக்கும் பரம்பரை நாம்.

இனி, முன்னோடிகள். சூட்டுப் பெட்டி இறக்குமதிச் சரக்கு என்று நினைப்பவர்கள் பழைய மண் அடுப்பைப் பார்த்ததில்லை என்று பொருள். தாயடுப்பின் வயிற்றிலிருந்து ஒரு துளை பக்கத்தில் போகும். அதன் முடிவில் சின்னதாக இன்னோர் அடுப்புக் கண். அதற்கு விறகு வைப்பதில்லை. தாயடுப்பு தின்றதுபோக மிஞ்சிய தீயும் சூடும் கொடி படர்வதுபோல அங்கே போய்ச் சேரும். கொடியடுப்பு என்று பெயர். சோறு வெந்துகொண்டிருக்கும்போதே குழம்பு அதில் ஆறாமல் காத்திருக்கும். குழம்பு இறங்கிய பிறகு வெந்நீர். தனி எரிபொருள் இல்லை, பொத்தான் இல்லை, கோழிப் படமும் இல்லை. செங்கல்பட்டில் எங்கள் பழைய வீட்டில் இருந்ததை, காஸ் வந்த ஆண்டு, இடித்துச் சமப்படுத்தினோம். அன்று இடித்ததற்கு ஈடாகத்தான் மருமகன் இன்று மாதத் தவணை கட்டுகிறான் என்பது என் கணக்கு.

அடுத்தது கல்சட்டி. மாக்கல்லைக் குடைந்து செய்தது. அதிலும் எவர்சில்வர் பாத்திரத்திலும் ஒரே அளவு ரசத்தை, இரண்டும் 92 டிகிரியில் இருக்கும்போது, மூடி போட்டு வைத்தேன். நாற்பது நிமிடத்தில் எவர்சில்வரில் 61, கல்சட்டியில் 74. சூடு குறைவது சுற்றுப்புறத்தோடு உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது, ஆகவே முதலில் விரைவாகவும் போகப்போக மெதுவாகவும் ஆறும் என்று நியூட்டன் 1701இல் எழுதிவைத்தார். அவர் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆறிப்போவதன் விதியை ‘சாப்பிட வாங்க’ என்று கூப்பிட ஆளில்லாத ஒருவர் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு நியாயம் தெரிகிறது. மற்றவர்களுக்கு ஏது நேரம்?

பிளாஸ்க்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1892இல் ஜேம்ஸ் டிவார் அதைச் செய்தது கடுங்குளிரில் திரவமான வாயுக்களைக் குளிராகவே வைத்திருக்க. நாம் அதில் காபி ஊற்றினோம். கருவி எதற்கு வந்தது என்பதும் வீட்டில் எதற்குப் பயன்படுகிறது என்பதும் வேறுவேறு என்ற பொதுவிதி இதிலிருந்து கிடைக்கிறது. இந்த விதி பின்னால் வேலை செய்யும்.

பகுதி வரலாறு இல்லாமல் ஆய்வேடு தேறாது. மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபப் புடைப்புச் சிற்பத்தில் ஒருவன் பால் கறக்க, பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. பசுவின் உடல் வெப்பம் சுமார் 38.5 டிகிரி. கறந்த பால் வெதுவெதுப்பாக இருக்கும். எந்த மின்சாரமும் இல்லாமல் அந்தச் சூட்டை எந்நேரமும் மாறாமல் வைத்திருக்கும் பெட்டி நாலு காலில் நிற்கிறது என்பதைப் பல்லவச் சிற்பி கண்டுதான் செதுக்கினான் என்பது என் துணிபு. சற்றுத் தள்ளி, சரிவில் நழுவாமல் நிற்கும் 250 டன் பாறையை வெண்ணெய் உருண்டை என்கிறோம். சித்திரை வெயிலில் இந்தக் கடற்கரையில் உருகாத வெண்ணெய் அது ஒன்றுதான். 2019 அக்டோபர் 11ஆம் தேதி கடற்கரைக் கோயில் வளாகத்தில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இரவு விருந்துக்கு உட்கார்ந்தபோது தக்காளி ரசமும் அரைத்துவிட்ட சாம்பாரும் பரிமாறினார்கள் என்று செய்தி வந்தது. பேச்சு திட்டமிட்டதைவிட நீண்டது என்றும் வந்தது. எல்லைச் சிக்கல், வணிகம் என்று எல்லோரும் எழுதினார்கள். அந்த ரசம் எத்தனை டிகிரியில் காத்திருந்தது என்று ஒரு நிருபரும் கேட்கவில்லை.

தெற்கே கல்பாக்கம். 1984இல் வணிக உற்பத்தியைத் தொடங்கிய அணுமின் நிலையம் அங்கே இருக்கிறது. மாமல்லபுரச் சின்னங்கள் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் அதே ஆண்டுதான். அணு உலையை நிறுத்திய பிறகும், முதல் கணத்தில், முழுத் திறனில் ஆறேழு சதவீத வெப்பம் வந்துகொண்டேதான் இருக்கும். பிறகு மெல்ல மெல்லக் குறையும். அதைத் தணிக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பை அணைத்தபிறகும் ஆறாத பொருளை ஆற்றுவதற்கு அங்கே பொறியாளர்கள் விழித்திருக்கிறார்கள். இருபது கிலோமீட்டருக்குள் இங்கே ஒரு வீட்டில் ரசம் ஆறிவிடாமல் இருக்க ஓர் அம்மா விழித்திருக்கிறார். மாவட்டத்தின் வெப்பக் கணக்கு எப்படியோ சமனாகிவிடுகிறது.

எல்லா முன்னோடிகளிலும் என்னை அசைத்தது திருக்கழுக்குன்றம். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் ஏறிப்போகும் அந்த மலையில், உச்சிவேளையில் கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் உண்டன. பார்வையில் வெண்மையாக இருக்கும் அவை பிணந்தின்னிக் கழுகு இனம். காலையில் வேறு தலத்தில் நீராடி, நண்பகலில் இங்கே உண்டு, இரவு சிதம்பரத்தில் தங்குகின்றன என்பது ஐதீகம். பொங்கலை வைத்துக்கொண்டு பண்டாரம் பாறையில் உட்கார்ந்திருப்பார். கூட்டம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். எப்போது வருமென்று சொல்லாத விருந்தாளிக்காகச் சோற்றை வைத்துக்கொண்டு காத்திருப்பதில் அந்த மலையைவிட நீண்ட அனுபவம் உள்ள இடம் இந்த மாவட்டத்தில் கிடையாது. 1990களின் கடைசியில் கழுகுகள் வருவது நின்றுபோனது. நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். என் நினைவில் மிஞ்சியிருப்பது கழுகைவிட, அண்ணாந்து அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தன் மடிக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்துக்கொண்ட அந்த மனிதரின் கைதான்.

சூட்டுப் பெட்டியின் உண்மையான அளவீட்டுப் பொருள் உணவு இல்லை, தாமதம் என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. மருமகன் ‘எட்டு மணிக்கு வந்திடுவேன்’ என்று சொல்லி வந்துசேர்ந்த நேரங்களை நோட்டில் குறித்தேன். சராசரித் தாமதம் ஒரு மணி நாற்பது நிமிடம். பெட்டி வந்தபின் அது இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது. ‘அதான் டிராயர் இருக்கே மாமா’ என்றான். அதற்குமுன் அவனைச் சற்றேனும் விரட்டிக்கொண்டிருந்தது ஆறிக்கொண்டிருந்த ரசம். அந்தப் பயமும் போய்விட்டது.

செயல்முறைச் சோதனைகளுக்கு வருவோம். கத்திரி வெயிலில் சமையலறை 36 டிகிரி. அதே நாள் செங்கல்பட்டில் என் வீட்டில் 39. கடற்காற்று கரையைத் தொட்டு, மூச்சுவாங்கி, எங்கள் ஊருக்கு வந்துசேர மாலையாகிவிடும். பெட்டியை 30இல் வைத்தேன். விளக்கு எரிந்தது, ஹீட்டர் எரியவில்லை. உள்ளே ஏற்கெனவே 36 இருக்கும்போது அது என்ன செய்யும், பாவம்? சித்திரையிலிருந்து ஆனிவரை, இந்தப் பெட்டியின் கோப்பைப் படம் குறிக்கும் சேவையைச் சூரியன் கட்டணமில்லாமல் செய்து தருகிறார். தட்டுகள் அலமாரியிலேயே சூடாக இருக்கின்றன. வாழையிலையைச் சூடாக்கிப் பார்த்தேன்: நெருப்பில் வாட்டிய இலை குழைந்து மணக்கும், பெட்டியில் வைத்தது ஓரம் கருகிச் சருகானது. இட்லியை மூடாமல் 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்ததில் கிடைத்த பொருளை, 1957 முதல் மாமல்லபுரத்தில் இயங்கும் சிற்பக் கல்லூரிக்கு மாதிரிக் கல்லாக அனுப்பலாம். பெட்டியின் சூடு வறட்டுச் சூடு. எதை வைத்தாலும் மூடி வைக்க வேண்டும் என்று கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. நான் எட்டாம் பக்கம்வரைதான் படித்திருந்தேன்.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்ல வேண்டும். பெட்டி ஆறியதைச் சூடாக்குவதற்கு இல்லை. சூடானதைச் சூடாக வைத்திருப்பதற்கு. ஆறின சோற்றை அதில் வைத்து மெல்ல வெதுவெதுப்பாக்கினால், வேகவைத்தபோது சாகாமல் தப்பிய சில நுண்ணுயிர் வித்துகளுக்கு நாமே தொட்டில் கட்டியதாகும். சமைத்ததை 60 டிகிரிக்கு மேல் வை, வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதே என்பது உலகச் சுகாதார அமைப்பின் நெறி. நன்றாகக் கொதிக்கவைத்து, பெட்டியை முன்கூட்டியே சூடேற்றி, மூடி போட்டு உள்ளே தள்ள வேண்டும். இல்லையென்றால் நம் பாட்டிமார் வழியில் தண்ணீர் ஊற்றிப் பழையதாக்கிவிடலாம். ஆறுவதைத் தடுக்க முடியாதபோது அதை ஒரு பதார்த்தமாகவே அறிவித்துவிட்ட பெருமை நமக்கு உண்டு.

பராமரிப்பு அதிகாரம்தான் இந்த ஆய்வில் அதிகம் வியர்த்த இடம். கடற்காற்று முதலில் தின்பது இரும்பை. பெட்டி ஓடும் சேனல்கள் துத்தநாகம் பூசிய இரும்பு. ஆறாவது மாதம் துருவின் செம்புள்ளி. இழுத்தால் கிறீச்சென்றது. அக்கா தேங்காய் எண்ணெய் விட்டார். தலைவலி முதல் கதவுக்கீல் வரை அவர் மருத்துவத்தில் மருந்து ஒன்றுதான். ஒரு வாரம் பெட்டி வெண்ணெய்போல ஓடியது. பிறகு எண்ணெயில் தூசி, தூசியில் மணல், எண்ணெய்க்காகச் சித்தெறும்பு. மூன்றும் குழைந்து சேனலில் களிம்பானபோது அது கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டையைப்போல அசைய மறுத்தது. முழுவதையும் துடைத்தெடுத்து, உலர்த்தி, சூடு தாங்கும் சிலிக்கான் கிரீஸைத் துளியளவு தடவிய பிறகுதான் வழிக்கு வந்தது. முகப்பு எவர்சில்வர்தானே என்று இருந்தோம். அதிலும் தேநீர்க் கறைபோலப் பழுப்பு படர்ந்தது. எவர்சில்வரிலும் ஜாதி உண்டு. மாலிப்டினம் சேர்த்த 316 என்ற ரகம் கடலுப்பை ஓரளவு எதிர்த்து நிற்கும். சமையலறைக்கு வழக்கமாக வரும் 304க்கு அந்தத் தெம்பு கிடையாது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதே மருந்து. கம்பி நார் கூடாது. சுத்தம் செய்யுமுன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். எங்கள் பிளக் பாயிண்ட் பெட்டிக்கு நேர் பின்னால் வைத்துப் பூசப்பட்டிருந்தது. அதைப் பிடுங்கப் பெட்டியைக் கழற்ற வேண்டும்; பெட்டியைக் கழற்றப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். வாசல் பக்கத்து மெயினை அணைத்தோம்.

2022 ஆடியில் பெட்டி சூடாவதை நிறுத்தியது. விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, உள்ளே பச்சைத் தண்ணீரின் குளிர்ச்சி. சர்வீஸுக்குச் சொல்லி, எட்டாம் நாள் ஒரு தம்பி வந்தார். பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார்.

“போர்டு போயிடுச்சு சார்.”

“எந்த போர்டு தம்பி?”

“மெயின் போர்டு. கடல் காத்துக்குப் போயிடும்.”

விலையைச் சொன்னார். பெட்டியில் இல்லாத கதகதப்பு எனக்குக் காதோரம் ஏறியது. அக்கா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏம்பா, டிராயரு ஒரு விரக்கடை வெளியவே நிக்குதே, அதைப் பாத்தியா?”

அந்தப் பெட்டி முழுசாக மூடினால்தான் உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் அமுங்கும். அது அமுங்கினால்தான் ஹீட்டருக்கு மின்சாரம். தம்பி பெட்டியைக் கழற்றி, பின்னால் கைவிட்டு எடுத்தார். இடுக்கி. மூன்று வாரத்துக்கு முன் காணாமல்போய், வேலை செய்யும் அம்மாவின் மேல் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சந்தேகத்தை உண்டாக்கி, அதற்காக அக்கா தன்னையே திட்டிக்கொண்ட அதே இடுக்கி. மேலே வைத்தது அதிர்வில் பின்னால் விழுந்திருக்கிறது. போர்டு உயிர்த்தெழுந்தது. வந்துபோன கட்டணம் மட்டும் குறையவில்லை. தம்பிக்குக் காபி கொடுத்தோம். டம்ளரைத் தொட்டுப் பார்த்து, ‘நல்லா சூடா இருக்கும்மா’ என்றார்.

இதற்குள் பெட்டி தன் சொந்த வாழ்க்கையைத் தேடிக்கொண்டிருந்தது. கடற்கரை வீட்டில் உப்பு எந்நேரமும் நசநசவென்று இருக்கும். கரண்டியில் எடுத்தால் விழாது. ஒருநாள் சாம்பாரை எடுத்தபிறகு, ஆறிக்கொண்டிருந்த பெட்டியில் அக்கா உப்பு ஜாடியை வைத்தார். காலையில் மணல்போல உதிர்ந்தது. அன்றே பெயரும் மாறிவிட்டது. பிறகு அப்பளம், வடகம், நமுத்த முறுக்கு. தண்ணீரில் விழுந்த மருமகனின் செல்போன். அத்தானின் காதுக் கருவி. மார்கழியில் உறைகுத்திய பால். அந்தத் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி வந்தது, பெட்டியின் கையேட்டில் அப்படி ஒரு படமே இல்லை. தீப்பெட்டியும் அங்கேயே குடியேறியது. தீப்பற்றும் பொருள் எதையும் உள்ளே வைக்காதீர் என்று கையேடு கட்டங்கட்டி எச்சரிக்கிறது. நானும் சொன்னேன், மருமகனும் சொன்னான். ஹீட்டரை அணைத்து, சூடு அடங்கிய பிறகு ராத்திரிதான் வைப்பேன், காலையில் எடுத்துவிடுவேன் என்றார். தச்சர் வைத்த பெயர் சரியானதுதான் என்று அப்போது பட்டது. உணவைச் சூடாக வைக்க வந்த பெட்டி மற்றதை எல்லாம் காயவைக்கப் போனது, டிவார் விதி.

2022 டிசம்பர் 9. மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடக்கும் என்று காலையிலிருந்தே அறிவிப்பு. மருமகன் எட்டு மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்னான். ஆறரைக்குக் கரண்ட் போனது. இண்டக்‌ஷன் அடுப்பு கறுப்புக் கண்ணாடிப் பலகையானது. சூட்டுப் பெட்டி மேசை டிராயரானது. ரசம் பாதி கொதியில் நின்றது. அக்கா ஒன்றும் பேசாமல் மாடிப்படிக்குக் கீழே போய், செங்கல்பட்டு வீட்டிலிருந்து யாருக்கும் சொல்லாமல் கொண்டுவந்து வைத்திருந்த குமுட்டியை எடுத்துவந்தார். கரி, மருமகன் நண்பர்களுக்காக வாங்கிவைத்த மூட்டையில் கிடந்தது. பூஜை அலமாரித் தீப்பெட்டியை உரசினேன். ஈரத்தில் குச்சி மருந்து கூழாய்ப் பெட்டியில் ஒட்டியது. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது.

“அதை விடுடா. டிராயரைத் திற.”

முதல் உரசலிலேயே பற்றியது. கொட்டாங்கச்சியில் ஏற்றி, கரியில் மூட்டி, சன்னலைச் சற்றுத் திறந்துவைத்துவிட்டு, ரசத்தைக் கல்சட்டிக்கு மாற்றிக் குமுட்டியில் ஏற்றினார். கொதித்ததும் தணலின் மேல் சாம்பலைத் தூவி, அதன் மேலேயே விட்டுவிட்டார். எட்டு, எட்டரை, ஒன்பது. காற்று சவுக்குத் தோப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அக்கா குமுட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாசல் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கினார். சட்டியைத் தன் பக்கம் சற்று நகர்த்திக்கொண்டார்.

ஒன்பதே முக்காலுக்கு மருமகன் தொப்பலாக நனைந்து வந்து நின்றான். ஒன்றே முக்கால் மணி நேரத் தாமதம். பழைய சராசரிக்கு அருகில். நான் வெப்பமானியை ரசத்தில் விட்டேன். 71.

“அத எடுத்துட்டு அவனுக்குத் துண்டு குடுடா” என்றார் அக்கா. “டிராயர்லதான் வச்சிருக்கேன்.”

துண்டு உலர்ந்து, மடித்தபடி இருந்தது. கரண்ட் போய் மூன்றேகால் மணி நேரமாகியிருந்தது. அறையில் 24 டிகிரி. ஆய்வாளன் என்ற முறையில் துண்டின் மடிப்புக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். 29. அதற்குள் மருமகன் கையை நீட்டிவிட்டதால் இரண்டாம் முறை அளக்க முடியவில்லை.